கிராமத்து வீட்டுக்கு வேகமான இணையம்: அளந்து பார்ப்பதில் தொடங்கும் வழிகாட்டி

ஊர்ப்புறத்து வீடுகளில் இணையம் மந்தமாக இருப்பதற்கு அடிப்படைக் காரணம் தொலைவு. தொலைபேசி இணைப்பகமும் கைபேசி டவரும் பெரும்பாலும் எட்டத்தில் இருக்கின்றன. வீடுகள் ஒன்றுக்கொன்று தள்ளி இருப்பதால், ஒரு கிலோமீட்டருக்குக் கேபிள் இழுத்தாலும் சில வாடிக்கையாளர்களே கிடைப்பார்கள் என்று சேவை நிறுவனங்கள் தயங்குகின்றன. கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறுவதால் இந்தத் தொலைவு குறைந்துவிடாது. ஆயினும் இணையம் சரியில்லை என்றதும் பலர் முதலில் செய்வது அதைத்தான். அடுத்து, விலை உயர்ந்த ரூட்டர் ஒன்றை வாங்குகிறார்கள். இரண்டும் சில வீடுகளில் பயன் தரும், பல வீடுகளில் தராது. எந்த இடத்தில் வேகம் போகிறது என்று தெரிந்த பிறகு செலவு செய்தால்தான் பணம் வீணாகாது என்பதால், இந்த வழிகாட்டி அளவீட்டில் தொடங்கி, வீட்டுக்குள் செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிட்டு, பிறகு வெளியிலிருந்து வரும் இணைப்பை மாற்றும் வழிகளுக்குச் செல்கிறது.

முதல் படி: அளந்து எழுதி வையுங்கள்

மடிக்கணினி ஒன்றை நெட்வொர்க் கேபிள் மூலம் நேரடியாக ரூட்டரில் இணையுங்கள். வீட்டிலுள்ள மற்ற கருவிகளின் வைஃபையை அந்த நேரத்துக்கு நிறுத்திவிட்டு, இணைய வேகத்தை அளக்கும் தளம் ஒன்றில் சோதித்துப் பாருங்கள். அதிகாலை, நண்பகல், இரவு எட்டு மணிக்கு மேல் என்று வெவ்வேறு நேரங்களில், ஒரு வாரமாவது இதைச் செய்து ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்லது. பதிவிறக்க வேகம், பதிவேற்ற வேகம், பிங் எனப்படும் தாமதம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். சோதனைத் தளம் காட்டினால், இடையில் தொலைந்துபோகும் தரவின் விழுக்காட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, கேபிளைக் கழற்றிவிட்டு அதே மடிக்கணினியில் வைஃபை வழியாகவும் அளந்து எழுதுங்கள்.

இங்கே புதியவர்கள் அடிக்கடி குழம்பும் ஓர் இடம் உண்டு. நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. கோப்புகளைப் பதிவிறக்கும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட். ஒரு பைட்டில் 8 பிட்கள் இருப்பதால், நொடிக்கு 100 மெகாபிட் தரும் இணைப்பில் அதிகபட்சமாக நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். அந்த எண்ணைப் பார்த்து ஏமாற்றப்பட்டதாக நினைக்க வேண்டியதில்லை.

எழுதி வைத்த எண்களே காரணத்தைச் சொல்லத் தொடங்கும். கேபிளில் நல்ல வேகமும் வைஃபையில் மோசமான வேகமும் வந்தால் சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறது. அதிகாலையில் வேகமாகவும் இரவில் மிக மெதுவாகவும் இருந்தால், ஒரே டவரையோ ஒரே கேபிளையோ பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் நெரிசல்தான் காரணம். அதற்கு உங்கள் வீட்டில் எதை மாற்றினாலும் தீர்வு கிடைக்காது, வேறு வழியைத்தான் பார்க்க வேண்டும். எந்நேரமும் ஒரே அளவில் குறைவாக இருந்தால், இணைப்பின் இயல்பான எல்லையோ சந்தாத் திட்டத்தின் உச்ச வேகமோ அவ்வளவுதான் என்று பொருள். மழை பெய்யும்போது மட்டும் கெடுகிறது என்றால், தண்ணீர் புகுந்த கம்பி இணைப்பையோ ஈரமேறிய ஆன்டெனா முனையையோ சந்தேகிக்கலாம்.

இரண்டாம் படி: வீட்டுக்குள் இருப்பதைச் சரிசெய்யுங்கள்

செலவு குறைந்த திருத்தங்கள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. பழைய வீடுகளின் கனத்த மண் சுவரும் கருங்கல் சுவரும் வைஃபை அலையைப் பெருமளவு உறிஞ்சிவிடும். தகரக் கூரையும் இரும்புக் கதவும் அதைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே ரூட்டரை ஒரு மூலையில் அலமாரிக்குள் வைக்காமல், வீட்டின் நடுவில், நெஞ்சுயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தொலைவு போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் தரும், ஆனால் இரண்டு சுவர்களைத் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும். அருகில் இருக்கும் தொலைக்காட்சி, கணினி ஆகியவற்றை 5 கிகாஹெர்ட்ஸிலும் தொலைவில் உள்ள கருவிகளை 2.4 கிகாஹெர்ட்ஸிலும் இணைப்பதே பொருத்தம்.

தூரத்து அறைக்கு வைஃபை எட்டவில்லை என்றதும் ரிப்பீட்டர் வாங்குவோர் பலர். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் எளிய ரிப்பீட்டர், வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். அதைவிட ஒரு நெட்வொர்க் கேபிளை இழுத்து, மறுமுனையில் இரண்டாவது வைஃபை கருவியை வைப்பது மிகவும் மேலானது என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கேபிள் 100 மீட்டர் வரை முழு வேகத்தில் வேலை செய்யும், பல ஆண்டுகளுக்குத் தொந்தரவும் தராது. தோட்டத்திலோ வயலோரத்திலோ உள்ள தனிக் கட்டடத்துக்கு இணைப்பு வேண்டுமென்றால் செம்புக் கேபிளைத் திறந்த வெளியில் இழுக்காதீர்கள். அருகில் எங்கேனும் மின்னல் விழுந்தால் அதில் பாயும் மின்னழுத்தம் இருபுறத்துக் கருவிகளையும் எரித்துவிடக்கூடும். அங்கே ஃபைபர் கேபிள்தான் சரி. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. வாங்கும்போது உலோகக் கம்பி சேராத வகையாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாம் படி: ஒருவர் பதிவேற்றும்போது மற்றவருக்குத் தடைப்படுகிறதா?

மெதுவான இணைப்புள்ள வீடுகளில் மிகுதியாகக் காணப்பட்டும் குறைவாகவே கவனிக்கப்படும் சிக்கல் இது. ஒருவர் படங்களை மேகச் சேமிப்பகத்துக்கு அனுப்பத் தொடங்கியதும், அடுத்த அறையில் நடக்கும் காணொளி வகுப்பு உறைந்து போகும். பதிவேற்ற வேகம் குறைவாக இருக்கும் இணைப்பில், ரூட்டரும் மோடமும் அனுப்ப வேண்டிய தரவை நீண்ட வரிசையில் நிறுத்திவைக்கின்றன. காணொளி அழைப்பின் சிறு துணுக்குகளும் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. வேகம் அதேதான், காத்திருக்கும் நேரம்தான் கூடுகிறது.

இதைக் கண்டறிய, பெரிய கோப்பு ஒன்றைப் பதிவேற்றிக்கொண்டே பிங் அளவைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 40 மில்லிநொடியாக இருப்பது பதிவேற்றத்தின்போது 500, 1000 என்று ஏறினால் இதுதான் சிக்கல். தீர்வு, வரிசையை நியாயமாகப் பங்கிடும் வசதியுள்ள ரூட்டர். எஃப்கியூ-கோடெல் என்ற முறை 2018இல் இணையத் தொழில்நுட்பக் குழுவின் ஆவணமாக வெளிவந்தது. அதுவும் அதை அடுத்து வந்த கேக் என்ற முறையும் ஓப்பன்டபிள்யுஆர்டி போன்ற கட்டற்ற ரூட்டர் மென்பொருளில் கிடைக்கின்றன. அளந்த வேகத்தில் 85 முதல் 90 விழுக்காட்டை உச்ச வரம்பாக அதில் கொடுத்தால், சிறிதளவு வேகத்தை விட்டுக்கொடுத்து வீடு முழுவதற்கும் சீரான பயன்பாட்டைப் பெறலாம். வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் கைபேசி இணைப்புகளில் இந்த வரம்பைத் துல்லியமாக வைப்பது கடினம்; அங்கே சற்றுத் தாழ்வாகவே வைக்க வேண்டியிருக்கும்.

நான்காம் படி: உண்மையில் எவ்வளவு வேகம் வேண்டும்?

இதற்கு நீண்ட கணக்குத் தேவையில்லை. தெளிவான உயர்தரக் காணொளிக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கே காணொளிக்கு 15 முதல் 25 மெகாபிட், காணொளி அழைப்பு ஒன்றுக்கு இரு திசைகளிலும் 2 முதல் 4 மெகாபிட் என்று வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் நடப்பவற்றைக் கூட்டிப் பாருங்கள். நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு, நிலையாகக் கிடைக்கும் 40 அல்லது 50 மெகாபிட்டும் 10 மெகாபிட் பதிவேற்றமும் போதுமானவை. பெயரளவில் 300 மெகாபிட் என்று சொல்லி இரவில் 6 மெகாபிட் தரும் இணைப்பைவிட இது எவ்வளவோ மேல்.

ஐந்தாம் படி: கம்பி வழி வாய்ப்புகளை முதலில் விசாரியுங்கள்

ஃபைபர் எட்டும் இடமென்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். வீடுகளுக்குப் பரவலாகத் தரப்படும் ஜிபான் வகை ஃபைபர், இணைப்பகத்திலிருந்து 20 கிலோமீட்டர் வரை செல்லக்கூடியது. இழையில் போதிய ஒளி வரும்வரை, தொலைவு கூடுவதால் வீட்டில் கிடைக்கும் வேகம் குறைவதில்லை. வீட்டிலுள்ள ஃபைபர் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில், வந்து சேரும் ஒளியின் வலு டிபிஎம் என்ற அலகில் தெரியும். அது மைனஸ் 8க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் இடையில் இருக்க வேண்டும். மைனஸ் 27ஐ நெருங்கியிருந்தால், எங்கோ இழை மடிந்திருக்கிறது அல்லது இணைப்பு முனையில் அழுக்குப் படிந்திருக்கிறது என்று நிறுவனத்திடம் எண்ணைக் குறிப்பிட்டே சொல்லலாம். சுவரோரத்தில் இழையைக் கூர்மையாக மடித்து ஆணி அடித்து வைப்பதுதான் இதற்கு வழக்கமான காரணம்.

இணையத் தளத்தில் ஊர்ப் பெயரைக் கொடுத்துச் சேவை இல்லை என்று வந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். பிரதான ஃபைபர் எந்தச் சாலை வழியாகப் போகிறது என்று களப் பணியாளர்களுக்குத் தெரியும். உங்கள் தெருவிலிருந்து அது சில நூறு மீட்டரில் இருந்தால், பத்துப் பதினைந்து குடும்பங்கள் கையெழுத்திட்டுச் சேர்ந்து விண்ணப்பிப்பது தனி ஒருவரின் கோரிக்கையைவிட வலுவானது. கேபிள் இழுக்கும் செலவைப் பங்கிட வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்பதை அந்த விண்ணப்பமே காட்டிவிடும்.

செம்புத் தொலைபேசிக் கம்பி வழி இணைப்பின் நிலை வேறு. ஏடிஎஸ்எல்2+ முறையின் உச்சம் நொடிக்கு 24 மெகாபிட். அது இணைப்பகத்துக்கு அருகிலுள்ள வீடுகளுக்குத்தான். நான்கைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் ஓரிரு மெகாபிட்தான் மிஞ்சும். அதைவிட வேகமான விடிஎஸ்எல்2 முறையின் ஆதாயமும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பெரும்பாலும் மறைந்துவிடும். வேறு வழியே இல்லாதவர்கள், வீட்டுக்குள் கம்பி நுழையும் முதல் முனையிலேயே மோடத்தை இணைத்துப் பார்க்கலாம். தொலைபேசியில் பேசும்போது கரகரப்பு கேட்டால் அதை உடனே புகார் செய்யுங்கள். பழுதான இணைப்பைச் சரிசெய்யும்போது இணையமும் சேர்ந்து சீராகும்.

ஆறாம் படி: கைபேசி வலையமைப்பை வீட்டு இணைப்பாக்குதல்

ஃபைபர் எட்டாத இடங்களில் பெரும்பாலோருக்குக் கைகொடுப்பது 4ஜி அல்லது 5ஜி சிம் போடும் ரூட்டர்தான். இங்கே நீங்கள் செலவிடும் உழைப்புக்கு நேரடியாகப் பலன் கிடைக்கும் என்பதால், இந்தப் படியை நிதானமாகச் செய்யுங்கள்.

கைபேசியில் தெரியும் சிக்னல் கோடுகளை நம்ப வேண்டாம். ஒவ்வொரு நிறுவனமும் அவற்றைத் தன் விருப்பப்படி வரைகிறது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்ற இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது டவரிலிருந்து வரும் அலையின் வலுவைச் சொல்கிறது: மைனஸ் 80 டிபிஎம் மிக நன்று, மைனஸ் 100 சுமார், மைனஸ் 110க்குக் கீழே போனால் மோசம். இரண்டாவது, இரைச்சலோடு ஒப்பிடும்போது அலை எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதைச் சொல்கிறது: 20க்கு மேல் சிறப்பு, 10க்கு மேல் ஏற்கலாம், சுழியத்துக்குக் கீழே இறங்கினால் இணைப்பு தடுமாறும். வலு நன்றாக இருந்தும் தெளிவு குறைவாக இருந்தால் வேகம் வராது. ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் தெளிவுக்கே முன்னுரிமை கொடுங்கள்.

ரூட்டரை நீண்ட மின்கம்பியில் இணைத்து வீட்டின் நான்கு பக்கங்களிலும், பிறகு மொட்டை மாடியிலும் வைத்து எண்களைக் குறியுங்கள். தரைமட்டத்திலிருந்து சில மீட்டர் உயர்ந்தாலே மரங்களையும் கூரைகளையும் தாண்டிவிடுவதால், மாடியில் எண்கள் வெகுவாக மாறுவது உண்டு. அக்கம்பக்கத்தாரின் சிம்களை ஓரிரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கி எல்லா நிறுவனங்களையும் சோதியுங்கள். மிக அருகிலுள்ள டவரே சிறந்தது என்று முடிவு கட்டாதீர்கள். கூட்டம் குறைந்த தூரத்து டவர் இரவில் அதைவிட வேகம் தருவது உண்டு. 700 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அலைவரிசைகள் நெடுந்தொலைவு செல்லும், சுவரையும் ஊடுருவும். ஆனால் அவை சுமக்கும் தரவு குறைவு. 1800 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை அதற்கு எதிர்மாறு. உங்கள் ரூட்டர் அலைவரிசையைத் தேர்ந்தெடுக்க விடுமானால், ஒவ்வொன்றாகப் பூட்டிச் சோதித்துப் பார்ப்பது ஒரு மாலைப் பொழுதில் முடியும் வேலை.

மாடியிலும் எண்கள் போதாவிட்டால் திசை ஆன்டெனா உதவும். ரூட்டரில் அதற்கான துளைகள் இருக்கின்றனவா என்று வாங்கும் முன்பே பாருங்கள். 4ஜியும் 5ஜியும் இரண்டு அலைகளை ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால் ஆன்டெனாவும் இரண்டு வேண்டும்; ஒன்றை இடப்புறமும் மற்றதை வலப்புறமும் 45 பாகை சாய்த்துப் பொருத்த வேண்டும், அல்லது இரண்டும் உள்ளடங்கிய பலகை வகை ஆன்டெனாவை வாங்க வேண்டும். ஆன்டெனாவிலிருந்து ரூட்டருக்கு வரும் கேபிள் மெல்லியதாக இருந்தால், பத்து மீட்டருக்குள் அலையின் வலுவில் பாதிக்கு மேல் போய்விடும். ஆன்டெனாவால் பெற்றதைக் கேபிளில் இழப்பதற்கு அத்தனை செலவு செய்ய வேண்டியதில்லை. மழை வெயிலைத் தாங்கும் வெளிப்புற ரூட்டரையே கம்பத்தில் பொருத்தி, மின்சாரமும் தரவும் ஒன்றாகச் செல்லும் நெட்வொர்க் கேபிளை வீட்டுக்குள் இறக்குவதுதான் என் பரிந்துரை. எந்த ஏற்பாடாக இருந்தாலும், ஆன்டெனாவை ஐந்து ஐந்து பாகையாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் பொறுத்து எண்ணைக் குறித்து, சிறந்த திசையில் இறுக்குங்கள்.

சிக்னல் பூஸ்டர் என்று விற்கப்படும் மின்பெருக்கிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். பல நாடுகளில் அனுமதியின்றி அவற்றை இயக்குவது சட்டவிரோதம். பொருந்தாத கருவி டவரின் வேலையையே கெடுத்து ஊர் முழுவதையும் பாதிக்கக்கூடும். ஆன்டெனா அப்படிப்பட்டதன்று, அது அலையைத் திரட்டித் தருவதோடு நின்றுவிடும்.

ஏழாம் படி: கம்பியில்லா நேரிணைப்பும் செயற்கைக்கோளும்

சில பகுதிகளில் உள்ளூர்ச் சேவையாளர்கள் உயரமான கம்பத்திலிருந்து உங்கள் கூரையில் உள்ள சிறு டிஷ்ஷுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் இணைப்புத் தருகிறார்கள். இரு முனைகளும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும் என்பது இதன் முதல் விதி. ஒரு நூல் அளவுக்கு இடைவெளி தெரிந்தால் மட்டும் போதாது. 5 கிலோமீட்டர் இணைப்பில், நடுவழியில் அலை ஏறத்தாழ 8 மீட்டர் ஆரத்துக்குப் பரவுகிறது. அதில் 60 விழுக்காடாவது, அதாவது நேர்கோட்டைச் சுற்றி 5 மீட்டராவது தடையின்றி இருக்க வேண்டும். இன்று தாழ்வாக இருக்கும் மரம் மூன்று ஆண்டுகளில் குறுக்கே வளர்ந்துவிடும் என்பதையும் எண்ணிக் கம்பத்தின் உயரத்தை முடிவு செய்யுங்கள்.

செயற்கைக்கோள் இணைப்பில் இரண்டு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோள்களின் வழியாகக் கேள்வி போய் விடை திரும்ப, ஒளியின் வேகத்திலேயே அரை நொடி ஆகிவிடும். படம் பார்க்கவும் மின்னஞ்சலுக்கும் அது போதும். காணொளி அழைப்பில் இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுக்கொண்டே இருப்பார்கள். ஸ்டார்லிங்க் போன்ற சேவைகளின் கோள்கள் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால், தாமதம் பல நேரங்களில் 60 மில்லிநொடிக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் அவை நகர்ந்துகொண்டே இருப்பதால் டிஷ்ஷுக்கு அகன்ற, மறைப்பில்லாத வானம் வேண்டும். ஒரே ஒரு தென்னையோ பனையோ குறுக்கே நின்றாலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இணைப்பு விட்டுவிட்டு வரும். டிஷ்ஷைப் பொருத்துவதற்கு முன்பே அந்தச் சேவையின் செயலியைத் திறந்து, கைபேசிக் கேமராவால் வானத்தைச் சோதித்துக்கொள்ளலாம். உங்கள் நாட்டில் அந்தச் சேவைக்கு அனுமதி இருக்கிறதா என்றும், 50 முதல் 100 வாட் வரை நாள் முழுவதும் இழுக்கும் கருவியை உங்கள் இன்வெர்ட்டர் தாங்குமா என்றும் பாருங்கள்.

எட்டாம் படி: மின்தடையும் மின்னலும்

மோடமும் ரூட்டரும் சேர்ந்து பத்து இருபது வாட்தான் எடுக்கும். அவற்றுக்கென்றே சிறிய யுபிஎஸ் ஒன்றை வைத்தால் மின்தடையிலும் இணைப்பு நிற்காது, மின்னழுத்த ஏற்ற இறக்கத்திலிருந்தும் கருவிகள் தப்பும். கூரைமேல் உலோகக் கம்பம் நட்டிருந்தால் அதற்கு முறையான எர்த்திங் கட்டாயம். அதை மின்பணியாளரிடமே ஒப்படையுங்கள். இடி மழை நெருங்கும்போது வெளியிலிருந்து வரும் செம்புக் கேபிளைக் கழற்றிவிடுவது எளிய பாதுகாப்பு. இடி முழங்கத் தொடங்கிய பிறகு கேபிளைத் தொட வேண்டாம்.

ஒன்பதாம் படி: கையெழுத்திடும் முன்

மாதத்துக்கு எவ்வளவு டேட்டா வரை முழு வேகம், அதற்குப் பிறகு எவ்வளவு, பதிவேற்ற வேகம் என்ன, ஒப்பந்தக் காலம் எவ்வளவு, சரிவரவில்லை என்றால் எத்தனை நாளுக்குள் கருவியைத் திருப்பித் தரலாம், பழுது வந்தால் யார் வருவார்கள் என்பவற்றை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். வீட்டுக் கண்காணிப்புக் கேமராவை வெளியூரிலிருந்து நேரடியாகப் பார்க்க வேண்டும் என்பவர்கள் பொது ஐபி முகவரி, அதாவது வெளியிலிருந்து உங்கள் வீட்டை நேரடியாக எட்ட உதவும் தனி இணைய எண், கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும். ரூட்டருக்கு 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கும் முகவரி வந்தால், பலரோடு ஒரே முகவரியைப் பகிர்கிறீர்கள் என்று பொருள்.

எந்த நிறுவனமும் வர முன்வராத ஊர்களில் மக்களே வலையமைப்பைக் கட்டிக்கொண்டதும் உண்டு. ஸ்பெயினின் கத்தலோனியாவில் 2004இல் தொடங்கிய குயிஃபி.நெட் அப்படி வளர்ந்தது. இங்கிலாந்தின் வடபகுதிக் கிராமங்களில் பி4ஆர்என் என்ற சமூக நிறுவனத்துக்கு நில உரிமையாளர்கள் தம் வயல்கள் வழியே கட்டணமின்றி வழிவிட்டார்கள், தன்னார்வலர்கள் பள்ளம் தோண்டினார்கள். நொடிக்கு ஒரு கிகாபிட் ஃபைபர் வீடுகளை எட்டியது. பெரிய உழைப்புதான். ஆனாலும் ஊரில் பத்துப் பேர் ஒத்துழைத்தால், ஃபைபர் உள்ள இடத்திலிருந்து ஒரு கம்பியில்லா நேரிணைப்பை எடுத்துப் பகிர்வதிலாவது தொடங்கலாம். மறுவிற்பனைக்கு உரிமம் தேவையா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

புதிய இணைப்பு வந்த அன்றே பழையதைத் துண்டித்துவிடாதீர்கள். முதல் படியில் செய்த அதே சோதனையை அதே நேரங்களில் மறுபடியும் ஒரு வாரம் செய்து, நோட்டிலுள்ள பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் முடிவெடுங்கள். புதியது நன்றாக இருந்தால், பழையதைக் குறைந்த கட்டணத் திட்டத்துக்கு மாற்றி, இரண்டு இணைப்புகளை ஏற்கும் ரூட்டரில் மாற்று வழியாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று நின்றதும் மற்றது தானே எடுத்துக்கொள்ளும்.